தாமதம் என்ற கட்டம்

சாவி என்னிடம் இருக்கிறது.
ரயில் வராத நிலையத்துக்குச் சாவி எதற்கு என்பார்கள்,
நெடுஞ்சாலையில் திருப்பம் தவறி
எங்கள் கார்வெல் ஊருக்குள் நுழைந்துவிட்டவர்கள்.
திறந்து காட்டுவேன்.

நீள பெஞ்சு, டிக்கெட் ஜன்னல், கரியடுப்பு,
எச்சில் துப்ப ஒரு பித்தளைக் குடுவை.
சுவரில் கரும்பலகை:
வண்டி, வரவு, புறப்பாடு, தாமதம் என்று
வெள்ளைப் பெயின்ட்டில் நான்கு கட்டங்கள்.
எழுபத்தொன்றில் கடைசி வண்டி போன அன்று
நிலைய அதிகாரி எழுதியது அப்படியே இருக்கிறது:
எண் 9. மாலை 6.40. தாமதம் இல்லை.

வெளியே, மூட்டை ஏற்றிய மேடையில்
கறுப்புக் கல். முப்பத்தொரு பெயர்.
எல்லாரும் இங்கிருந்து வண்டி ஏறியவர்கள்.
முதல் போரில் போன பிரெக்கே வீட்டுப் பையனுக்கு
ஓர் ஒற்று விட்டுப்போயிற்று.
ஒமாஹாவிலிருந்து வந்த கல்தச்சனுக்கு
அன்று ஏதோ அவசரம்.
அவன் அம்மா ஒவ்வொரு மே மாதமும்
விரலை நாவில் நனைத்து
அந்த எழுத்தைப் போட்டுவிட்டுப் போவாளாம்.
வெயில் அழித்துவிடும்.

வெர்னா டோஸ்டல் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது மார்ச்சில்,
சேறு காயாத பூட்ஸோடு.
முப்பத்திரண்டாவதாக லேலண்டைச் செதுக்க வேண்டும்.
எழுத்துக்கு நாற்பது டாலர், விசாரித்துவிட்டாள்,
பணம் கைப்பையில் இருக்கிறது.

லேலண்ட் திரும்பி வந்தவன்.
அறுபத்தொன்பதில், இதே 6.40இல்,
இறங்கியதும் என் அப்பாவைப் பார்த்துத்
தொப்பியைக் கழற்றினான், பேசவில்லை.
பதினான்கு வருஷம் சோளம் விதைத்தான்.
பள்ளிப் பேருந்து ஓட்டினான், ஒரு நாள் பிந்தியதில்லை.
ஜூலை நான்கு, ஊர் வெடி போடும்போது
நாயைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போய்விடுவான்.
எண்பத்து மூன்றில், அறுவடை முடிந்த மறுநாள்,
மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

விதி தெளிவாக இருக்கிறதே வெர்னா, என்றார் ஹார்லன் விட்மர்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
களத்தில் இறந்தவர்கள் மட்டும்.

களத்தில்தான் இறந்தார், என்றாள் அவள்.
அறுத்துக் குவித்த களத்தில்.
நான்தான் முதலில் பார்த்தேன்.

யாரும் இருமக்கூட இல்லை.
கை தூக்கச் சொன்னார்கள்.
வேண்டாம் என்று ஐந்து, வேண்டும் என்று இரண்டு.
ஐந்தில் ஒரு கை என்னுடையது.

இருபத்தொன்பதாவது பெயர் வெண்டல், என் அண்ணன்.
அவனும் லேலண்டும் ஒரே நாள் கிளம்பினார்கள்.
இந்த பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு முட்டை சான்ட்விச்சைப் பிய்த்துக்கொண்டார்கள்.
பெரிய பாதி யாருக்கு என்று சண்டை வேறு.
அண்ணனுக்கு இன்னும் பத்தொன்பது வயது.
மற்றவனுக்கு மனைவி, நாய், பதினான்கு அறுவடை.
பக்கத்தில் இடம் விட எனக்கு மனம் வரவில்லை.
விதியெல்லாம் ஹார்லனுக்கு.

மே கடைசித் திங்கள். கொடி, ஊதுகொம்பு, எலுமிச்சைச் சாறு.
எல்லாரும் போன பிறகு
அரை மணி நேரம் சாவி கேட்டாள். கொடுத்தேன்.
திருப்பித் தந்தபோது அவள் விரல்களில் வெள்ளைத் தூள்.

உள்ளே போனேன்.
எண் 9க்குக் கீழே, சற்றே சாய்ந்த எழுத்தில்:
டோஸ்டல், லேலண்ட்.
புறப்பாடு 1967.
வரவு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
தாமதம்: பதினான்கு ஆண்டு.

துடைக்கத் துணி எடுத்தேன்.
கதவோரம் மாநிலத்தார் அடித்த தகடு,
நாற்பது வருஷமாக நானே பாலிஷ் போடுவது,
அன்றுதான் கடைசி வரி வரை படித்தேன்.
பாதுகாக்கப்பட்ட சின்னம்.
இங்குள்ள எழுத்து எதையும் அழிக்கலாகாது.

பெஞ்சைத் துடைத்தேன்.
கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்.
ஹார்லன் பார்ப்பார், சத்தம் போடுவார், போடட்டும்.

பலகை விளிம்பில் சாக்கட்டியை விட்டுப் போயிருந்தாள்,
பாதிக்கு மேல் மிச்சம்.
கையில் எடுத்தேன்.
வெண்டலுக்கு எந்தக் கட்டம் என்று தெரியாமல்
6.40 தாண்டும்வரை நின்றிருந்தேன்.